அமைச்சரின் சாதனைக் கட்டம்

வெள்ளூற்று ராஜ்யத்தில் ஒழுங்கான சாலை கிடையாது, குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஆனால் அரண்மனைக்கு வெப்சைட் உண்டு! அதன் டேட்டாபேஸைக் கட்டி மேய்ப்பவன் அரசவை விதூஷகன் ஆதிமூலம். வாய்த்துடுக்கு ஜாஸ்தி. முந்தின நாள் மன்னர் பொழில்மாற வர்மர் தன் புதுக்கவிதையை வாசித்தபோது, "முடிஞ்சதும் சொல்லுங்க மன்னா, சபையை எழுப்பிவிடறேன்" என்று சொல்லித் தொலைத்தான்.

சும்மா விடுவாரா அமைச்சர் வச்சிரநாதர்? மறுநாளே மன்னர் காதில் ஓதிவிட்டார். மன்னர் கர்ஜித்தார்.

"ஆதிமூலம்! டேட்டாபேஸில் 'விதூஷகன்' என்று ஒரு கட்டம் இருக்கிறதாமே? அது வருவதற்கு முன் எப்படி இருந்ததோ, அப்படியே திருப்பு. இப்பவே, உன் கையாலேயே!"

கட்டம் போனால் வேலை போச்சு. இந்த வாயை வைத்துக்கொண்டு வேறெங்கே பிழைப்பது? இருந்தாலும் ஆதிமூலம் பணிவாகக் கேட்டான்.

"அப்படியேவா மன்னா? ஒவ்வொரு கட்டத்தையும் சேர்த்த மாற்றம், அதான் மைக்ரேஷன், எல்லாம் ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடுக்கியிருக்கு. கடைசியா சேர்த்ததுதான் முதல்ல கழலும்."

"கழலட்டுமே!" என்றார் அமைச்சர், அவசரக்குடுக்கையாக.

ஆதிமூலம் சபையின் பெரிய திரையில், சேர்த்ததைக் கழற்றும் ரோல்பேக் கட்டளையைத் தட்டினான். போன மாதம் அமைச்சர் அடம்பிடித்துச் சேர்க்கவைத்த 'அமைச்சரின் சாதனைகள்' கட்டம் காணாமல் போனது. அமைச்சர் துள்ளி எழுந்தார். இன்னொரு தட்டு. 'மன்னரின் பட்டங்கள்' மறைந்தது. கவிக்கடல், கலைக்குன்று, பாட்டுப்புயல், எல்லாம் அம்பேல்! வெறும் பொழில்மாறன் என்று பெயர் மொட்டையாக நின்றது.

"அடுத்தது அடியேன்தான். தட்டட்டுமா?"

"நிறுத்துடா பாவி!" மன்னருக்கு வியர்த்துவிட்டது. "எல்லாத்தையும் பழையபடி கொண்டா!"

கொண்டுவந்தான். கட்டங்கள் திரும்பின. உள்ளே சுத்தக் காலி.

"என் பட்டங்கள் எங்கேடா?" மன்னர் காலிக் கட்டத்தைச் சுட்டிக்காட்டினார்.

"கட்டத்தைத் திருப்பிக் கட்டலாம் மன்னா. உள்ளே இருந்தது போனால் போனதுதான். பயப்படாதீங்க, இது நாங்க பழகிப் பார்க்கிற ஒத்திகை டேட்டாபேஸ். அசல்ல போய்க் கை வைப்பேனா?"

மன்னருக்குப் போன உயிர் திரும்பியது. அமைச்சர்தான் விடவில்லை.

"ஒத்திகையோ என்ன எழவோ! என் சாதனைகளை அழிச்சுட்டான் மன்னா! கட்டம் காலியாக் கிடக்கு பாருங்க! இவனைத் துரத்துங்க!"

ஆதிமூலம் அசலையும் பக்கத்திலேயே திறந்து காட்டினான். அங்கே மன்னரின் பட்டங்கள் பொங்கி வழிந்தன; அமைச்சரின் கட்டம் மட்டும் அங்கேயும் காலி. பிறகு அமைச்சரைப் பார்த்துக் கைகூப்பினான்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. போனது போனபடியே, ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் திரும்பி வந்த ஒரே கட்டம் உங்களோடதுதான்!"

மன்னர் சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். விதூஷகன் வேலை தப்பியது. பரிசும் கிடைத்தது: நேற்றைய கவிதையின் இரண்டாம் பாகத்தை மன்னரே அவனுக்கு வாசித்துக் காட்டினார்.