தாலாட்டுக்குத் தாளம் தட்டிய பண்டிதர்

வானமே ராஜாக்களிடம் வாய்பொத்தி நின்று, "இன்றைக்குப் பெய்யட்டுமா?" என்று கேட்ட காலம். மருதங்குறிச்சியை வல்லாளதேவன் என்றொரு ராஜா ஆண்டான். அவனுக்கு அடங்காத ஒரே ஆள், தொட்டிலில் கிடந்த அவன் மகள்தான். அவள் வீறிட்டால் கோட்டைக் காக்கைகள் பக்கத்து நாட்டுக்குக் குடிபோய்விடும்.

தாலாட்டுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று ஒருநாள் சபையில் கேட்டு வைத்தான் ராஜா. மந்திரி அம்பலவாணரைக் கண்டாலே வயிறு எரியும் சிகாமணிப் பண்டிதர் முந்திக்கொண்டார். தாளம் தட்டித் தொட்டிலை ஆட்டுவதால் வந்த பெயராம். ராஜாவுக்குப் பிடித்துப்போயிற்று. அன்றே பண்டிதரின் மச்சான்மார் பெரிய பித்தளைத் தாளங்களோடு தொட்டிலைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அப்புறம் குழந்தை தூங்கவில்லை, ராஜா தூங்கவில்லை. ராணி அழுதே விட்டாள். மந்திரிக்கு மனசு கேட்கவில்லை. தால் என்பது நாக்குக்குப் பழைய பெயர், நாக்கை ஆட்டி ஆட்டிப் பாடுவதால்தான் தாலாட்டு என்று சபையில் எடுத்துச் சொன்னார்.

"அதை நிரூபித்துக் காட்டும், மந்திரியாரே. முடியாவிட்டால் உம் மந்திரி முத்திரை மோதிரம் என் விரலுக்கு வரட்டும்" என்றார் பண்டிதர். ராஜா அதற்கும் தலையாட்டினான்.

மறுநாள் தொட்டில் சபைக்கு வந்தது. அரண்மனை மடைப்பள்ளியில் கிண்டிய பலாப்பழ அல்வாவில் ஓர் உருண்டையை மந்திரி பண்டிதரிடம் நீட்டினார்.

"தாளம்தான் தூங்கவைக்கும் என்கிறீரே. நாக்குக்கு இங்கே என்ன வேலை? அது பாட்டுக்கு இதைத் தின்றுகொண்டிருக்கட்டும். நீர் பாடும்."

பண்டிதருக்கு அல்வா என்றால் உயிர். வாயில் போட்ட வேகத்தில் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. தாளம் அதிர, "ம்மோ... ம்மோ..." என்று அவர் பாட, லாயத்துக்கு அப்பாலிருந்து எருமை ஒன்று பதில் சொன்னது. குழந்தை வீறிட்டதில் ராஜாவின் கிரீடம் ஒருபக்கம் சாய்ந்தது.

மந்திரி மோதிரத்தை ஒருமுறை தடவிக்கொண்டு, வெறுங்கையோடு தொட்டிலருகே குனிந்தார். "ராராரோ... ராரிரரோ... லுலுலுலு..."

குழந்தை அழுகையை நிறுத்தி, அந்தத் துள்ளும் நாக்கையே பார்த்தது. சிரித்தது. கொட்டாவி விட்டது. தூங்கியும் போயிற்று. பார்த்தால், சிம்மாசனத்திலிருந்தும் குறட்டை.

ராஜா விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அதற்குள் அல்வாவை ஒருவழியாக விழுங்கியிருந்த பண்டிதர் விடவில்லை. "மகாராஜா கண்ணை மூடி யோசித்தீர்களே, தீர்ப்பு என்ன?"

"குறட்டை விட்டு யோசிக்கிற வழக்கம் எங்கள் வம்சத்தில் இல்லை, ஓய்."

மோதிரம் மந்திரி விரலிலேயே தங்கியது. ராஜாவின் முத்துமாலை அவர் கழுத்துக்கு வந்தது. மீதி அல்வாவை ராணியே அவர் வீட்டுக்கு அனுப்பினாள். பண்டிதரும் மச்சான்மாரும் தாளங்களோடு தினைக்காட்டுக்குக் கிளி விரட்டப் போனார்கள்.

கிளிகள் முதலில் பயந்துதான் போயின. பிறகு பழகிவிட்டது. தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டே தினையைத் தின்றன.