ஆவரங்காட்டு ஓட்டைத் தகடு

ஆவரங்காட்டில் மொத்தம் அறுபது வீடு. அறுபது வீட்டுக்கும் பொதுவாக மூளை என்று ஒன்று இருந்தது. அதை யாரிடம் கொடுத்து வைத்தோம் என்பதில்தான் ஊருக்குள் தகராறு. அது கிடக்கட்டும். தகட்டுக் கதைக்கு வருவோம்.

ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பெரிய குழாய் மேலக்கரைக்குப் போகிறது. போகிற வழியில் ஆவரங்காட்டுக்கு ஒரு கிளை. கிளையைத் திறந்து மூடுகிற வால்வுச் சாவி பூவலிங்கத்தின் இடுப்பில் தொங்கியது.

அதற்கு முன்னால் ஊரே இரண்டு மைல் நடந்து மேலக்கரைக் கிணற்றில்தான் தண்ணீர் எடுத்தது. மேலக்கரை, பூவலிங்கத்துக்குப் பெண் கொடுத்த ஊர். அவன் கிணற்றடியில் குடத்தை வைக்கும்போதெல்லாம் மச்சினன் காளிங்கன் நாலு பேர் காது கேட்கச் சொல்வான்: “பொண்ணையும் குடுத்துட்டுத் தண்ணியையும் குடுக்க வேண்டியிருக்கு.”

குழாய் வந்த அன்று பூவலிங்கம் வெறுங்கையோடு மேலக்கரைக்கு நடந்து போனான். “மாப்ள, எங்க குழாய்ல தண்ணி ஓடுற வரைக்கும் உங்க கிணத்தடியைக் குடத்தோட மிதிக்க மாட்டேன்” என்றான்.

“பார்ப்போம் மச்சான்” என்றான் காளிங்கன். அவ்வளவுதான் சொன்னான். அந்தப் ‘பார்ப்போம்’ பூவலிங்கத்துக்குத் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

ஒரு வியாழக்கிழமை குடிநீர் வாரியத்து இன்ஜினியரம்மா சுகிர்தா வந்தார். கிளைக்குழாயில் இரண்டு துண்டு சேருகிற இடத்தில் நட்டுகளைக் கழற்றி, நடுவில் ஒரு வட்டத் தகட்டைச் செருகி முறுக்கினார். தகட்டின் நடுவில் சாத்துக்குடி அளவுக்கு ஒரு ஓட்டை. பிடித்து எடுக்க வெளியே நீட்டிக்கொண்டு ஒரு காது. தகட்டுக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் குழல், பின்னால் ஒரு கண்ணாடிக் குழல். இரண்டையும் ரப்பர்க் குழாயால் கிளைக்குழாயோடு இணைத்து ஒரு பலகையில் நிறுத்தினார்.

“இது எவ்வளவு தண்ணி ஓடுதுன்னு அளக்கிற தகடு. தண்ணி இந்த ஓட்டைக்குள்ள நெருக்கிப் புகுந்து போகணும். அதனால முன்னால அழுத்தம் கூடும், பின்னால குறையும். முன்கண்ணாடியில தண்ணி உசரமா நிக்கும், பின்கண்ணாடியில தாழ்ந்து நிக்கும். நிறைய ஓடினா வித்தியாசம் நிறைய. ஓடலேன்னா ரெண்டும் சமம். புரியுதா?”

“புரியுது” என்றது ஊர். அங்கேயே ஆரம்பித்துவிட்டது வினை.

“இப்ப ஒன்றரைச் சாண் வித்தியாசம் இருக்கு. சரியான அளவு. அடுத்த வியாழன் வந்து பார்ப்பேன். அரைச் சாணுக்குக் கீழ இறங்கிட்டா, இந்த ஊருக்குத் தண்ணி தேவைப்படலேன்னு கிளையை அடைச்சிருவாங்க. நான் இல்ல, மேல உள்ளவங்க.”

பூவலிங்கம் எச்சில் விழுங்கினான். முள் குத்தியது.

“பயப்படாதீங்க. ஓட்டையோட விளிம்பு கூர்மையா இருக்கணும். மழுங்கினா அளவு தப்பும். தகட்டுக்கு முன்னால குழாய் நேரா வரணும். பக்கத்துல வளைவு இருந்தா தண்ணி சுழிச்சுக்கிட்டு வந்து அளவைக் கெடுக்கும். ரெண்டையும் சரியாப் பண்ணியிருக்கேன். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்.”

கடைசி வார்த்தையை யாரும் காதில் வாங்கவில்லை. ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு ஆள் ஜீப்பு வைத்துக்கொண்டா வருவார்.

தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கூட்டம் போட்டார்கள். ஊர்த்தலைவர் வன்னியப்பன்தான் முதலில் பேசினார்.

“ஓட்டைத் தகட்டை நம்ம தலையில கட்டிட்டாங்க. மேலக்கரைக்கு ஓட்டையில்லாததாக் குடுத்திருப்பாங்க.”

“ஓட்டை இல்லேன்னா அவங்களுக்குத் தண்ணி எப்படிண்ணே போகும்?” என்றான் பூவலிங்கம்.

தலைவர் யோசித்தார். “அப்ப அவங்களுக்கு ரெண்டு ஓட்டை குடுத்திருப்பாங்க.”

ஊர் பெருமூச்சு விட்டது.

சாணை பிடிக்கிற செவத்தான் எழுந்தான். சுத்துப்பட்டி அரிவாள், அரிவாள்மனை எல்லாம் அவன் கைபட்டுத் தேய்ந்தவை. “அரிவாளை ஒரு நேரம் கரும்புக்குள்ள விட்டு எடுத்தாலே மழுங்கிருது. இந்தத் தகடு நாள் பூராத் தண்ணியை அறுக்குது. மழுங்காம இருக்குமா?”

“இருக்காது” என்றார் தலைவர். பூவலிங்கத்துக்கும் நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் காலை தகட்டைக் கழற்றிச் சாணையில் பிடித்தான் செவத்தான். பொறி பறந்தது. ஒரு பக்கம் மட்டும் தீட்டினால் மறுபக்கம் மனசு கஷ்டப்படும் என்று இரண்டு பக்கமும் தீட்டினான். விளிம்பில் ஒரு வெள்ளரிக்காயை வைத்து அழுத்திப் பார்த்தார்கள். இரண்டாக விழுந்தது. ஆளுக்கொரு துண்டு தின்றுவிட்டுத் தகட்டை மாட்டினார்கள்.

பூவலிங்கம் கண்ணாடியைப் பார்த்தான். வித்தியாசத்தில் இரண்டு விரற்கடை குறைந்திருந்தது.

“கூர்மை பத்தல” என்றான் செவத்தான்.

சனிக்கிழமை பரங்கிக்காய் வெட்டும்படி தீட்டினார்கள். வித்தியாசம் ஒரு சாண். ஞாயிற்றுக்கிழமை தலைவரின் ஒரு பக்க மீசையைத் தகட்டாலேயே சிரைத்துப் பார்த்தார்கள். சுத்தமாக வந்தது. வித்தியாசம் முக்கால் சாண்.

ஓட்டை பெரிசானால் நெருக்கம் குறையும். நெருக்கம் குறைந்தால் கண்ணாடியில் வித்தியாசம் குறையும். தண்ணீர் என்னவோ முன்னைவிடக் கூடத்தான் ஓடும். இது புரிய இன்ஜினியராக வேண்டியதில்லை. ஆவரங்காட்டானாக இல்லாமல் இருந்தால் போதும்.

பூவலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை குழாயைத் தொட்டுக்கொண்டே தண்ணீர் வருகிற திசையில் நடந்தான். முப்பதடி நேராகப் போய்த் தலைவர் வீட்டு மூலையில் குழாய் வளைந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு போனது. முப்பதடி நேர் தாராளம். இன்ஜினியரம்மா அளந்து போட்டது. பூவலிங்கம் வளைவை மட்டும் பார்த்தான்.

“அகப்பட்டுக்கிச்சுண்ணே. இங்கதான் சுழிக்குது.”

“வளைவை எடுத்துருவோம். குறுக்க என்ன இருக்கு?”

“உங்க வீடு இருக்கு.”

“வீட்டுக்குள்ள என்ன இருக்கு?”

“மதினி இருக்காங்க.”

தலைவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு ஊருக்காக ஒத்துக்கொண்டார். இரண்டு சுவரில் ஓட்டை போட்டு, குழாயை அடுப்படி வழியாக நேராக இழுத்தார்கள். அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவில் முழங்கால் உயரத்தில் போனது.

தலைவர் மனைவி தங்கபுஷ்பம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். “சரி, போட்டது போட்டீக. இதுல ஒரு பைப்பு வச்சுக் குடுங்க. உலைக்குத் தண்ணி பிடிச்சுக்கிறேன்.”

“அது ஆகாது மதினி. தண்ணி வழியில நின்னு கதை பேசிட்டுப் போனா அளவு கெட்டுரும்” என்றான் பூவலிங்கம்.

“தண்ணி என் அடுப்படிக்குள்ள ஓடும். நான் தெருக்கோடிக்குப் போய்ப் பிடிச்சாரணும்.”

“ஆமா மதினி. சரியாச் சொன்னீக.”

அவள் குடத்தோடு குழாயைத் தாண்டிப் போனாள், தாண்டி வந்தாள். தலைவர் சாப்பிட வரும்போது ஒரு முறை, போகும்போது ஒரு முறை முழங்காலில் இடித்துக்கொண்டார். அரை மீசையோடு நொண்டி நடந்தாலும் ஊருக்கே நேர்வழி தன் வீட்டுக்குள்தான் போகிறது என்ற பெருமை முகத்தில் இருந்தது.

செவத்தான் அன்றைக்கும் தீட்டியிருந்தான். வித்தியாசம் அரைச் சாண். நாள் இரண்டுதான் பாக்கி.

செவ்வாய்க்கிழமை தலைவருக்கு ஒரு யோசனை. “பின்கண்ணாடியில தண்ணி தாழ்ந்து நிக்கணும். அவ்வளவுதானே. கண்ணாடியையே தாழ்த்திருவோம்.”

குழி வெட்டினார்கள். பின்கண்ணாடியைப் பலகையிலிருந்து கழற்றி ஒரு முழம் கீழே இறக்கினார்கள். தண்ணீர் தன் பழைய உயரத்துக்கே வரப் பார்த்தது. கண்ணாடி பத்தவில்லை. வாய்வழியாகக் கொப்பளித்துத் தலைவர் முகத்தில் அடித்தது.

“கோபப்படுது” என்றார் தலைவர் துடைத்துக்கொண்டே.

“குழிக்குள்ள எறக்கினா யாருக்குண்ணே கோபம் வராது” என்றான் பூவலிங்கம். கண்ணாடியை மரியாதையாகத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்தான்.

புதன்கிழமை செவத்தான் விடிந்ததிலிருந்து சாணைச் சக்கரத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. மதியம் வந்தான். கையில் தகட்டின் காது மட்டும் இருந்தது.

“தகடு எங்க?”

“தீட்டித் தீட்டி முழுக்க ஓட்டையாயிருச்சு” என்றான் செவத்தான். குரலில் அடக்கம் இருந்தது. “சுத்தமான ஓட்டை. சுத்தி ஒண்ணும் கிடையாது. இனி மழுங்கவே மழுங்காது.”

ஊர் எட்டிப் பார்த்தது. ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு கூர்மை.

காதை மட்டும் இரண்டு குழாய்க்கும் இடையில் செருகி நட்டை முறுக்கினார்கள். எப்படியாவது வரட்டும் என்று பூவலிங்கம் வால்வை முழுசாகத் திறந்துவிட்டான். ஓடி வந்து கண்ணாடியின் முன்னால் குந்தினான்.

முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் சமமாக நின்றன. ஒரு நூல் வித்தியாசம் இல்லை.

மறிப்பதற்கு ஒன்றுமில்லாத குழாயில் தண்ணீர் பிய்த்துக்கொண்டு ஓடியது. தொட்டி நிறைந்து வழிந்தது. காது செருகிய சந்தில் பீறிட்டது. தெருவில் கணுக்கால் அளவு நின்றது, பிறகு முழங்கால். யாருடைய செருப்போ ஒன்று பூவலிங்கத்தைக் கடந்து மிதந்து போனது. அவன் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“ரெண்டும் சமம்ணே.”

“சமம்னா?”

“ஓடலேன்னு அர்த்தம். அம்மா சொல்லிட்டுத்தானே போச்சு.”

தலைவர் வேட்டியைத் தொடைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். “அப்ப நம்ம ஊர்ல தண்ணி இல்ல.”

“ஒரு சொட்டு இல்ல.”

தங்கபுஷ்பம் வாசலில் நின்று மிதந்த குடத்தை எட்டிப் பிடித்தாள். “அப்ப இது என்னது?”

“இது வேற மதினி.”

“குடிச்சுப் பார்த்தேன். தண்ணி மாதிரிதான் இருந்துச்சு.”

“மாதிரி இருக்கும். அதுலதான் ஆள் ஏமாந்துருவான். கண்ணாடியில காட்டாதது தண்ணியில சேராது.”

தலைவர் உத்தரவு போட்டார். அன்று பிடித்து வைத்ததை எல்லாம் வீட்டுக்கு வீடு தெருவில் கொட்டினார்கள். தெருவில் இன்னும் ஒரு விரற்கடை ஏறியது.

வியாழக்கிழமை காலை இன்ஜினியரம்மா ஜீப்பை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். பூவலிங்கம் எதிரே போய்க் கும்பிட்டான். கண் கலங்கியிருந்தது.

“அம்மா, அடைச்சிராதீங்க. இன்னிக்குத்தான் வரல. எப்படியும் வந்துரும்.”

“எது வரல?”

“தண்ணி.”

இன்ஜினியரம்மா கீழே பார்த்தார். தன் முழங்காலைக் காணோம். மெல்லச் சொன்னார்: “தகட்டை எடுங்க.”

பூவலிங்கம் வால்வை மூடி, நட்டைத் தளர்த்திக் காதை உருவிக் கொடுத்தான். அவர் அதைப் புரட்டிப் பார்த்தார்.

“மிச்சம்?”

“மிச்சம் பூரா ஓட்டைம்மா. உள்ளதான் இருக்கு.”

இன்ஜினியரம்மா திட்டவில்லை. இதற்கான வசவை எந்தக் காலேஜிலும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். காதைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“கிளையை அடைக்கல. நாளைக் காலையில புதுத் தகடு கொண்டாரேன். அதுவரைக்கும் அந்தச் சாணைக்காரரை எங்கயாவது கட்டிப் போடுங்க.”

உடனே கட்டினார்கள். தொட்டித் தூணோடு சேர்த்து. கயிறு தொய்வாக இருக்கிறது, ஒரு சுற்று இறுக்குங்கள் என்று செவத்தானே சொல்லிக்கொடுத்தான்.

“நாளை வரைக்கும் குடிக்கிறதுக்கு என்னம்மா பண்றது?” என்றான் பூவலிங்கம்.

“தொட்டி நிறைய இருக்கே. அதைக் குடிங்க.”

“அளக்காததையாம்மா?”

இன்ஜினியரம்மா ஜீப்பை நோக்கி நடந்தார். கொஞ்சம் வேகமாகவே நடந்தார்.

குழாய் பிழைத்தது. பூவலிங்கத்துக்கு உயிர் வந்தது. ஆனால் ஒரு பகல் முழுக்க ஊரில் தண்ணீர் கிடையாது. உலை வைக்க வேண்டும். மாடு கத்துகிறது. தலைவர் அவனைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துச் சொன்னார்:

“மேலக்கரைக்குத்தான் போகணும்.”

எல்லார் கண்ணும் பூவலிங்கத்தின் மேல்.

“என்னைப் பார்க்காதீங்க. நான் வாக்குக் குடுத்திருக்கேன்.”

“குழாய்ல தண்ணி ஓடுற வரைக்கும்னுதானே குடுத்த. நீயே பார்த்து நீயேதான் சொன்ன, ஓடலேன்னு.”

பூவலிங்கத்துக்குத் தப்பிக்க வழியில்லை. கண்ணாடி பொய் சொல்லாது. இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். பின்னால் அறுபது வீடும் குடத்தோடு வந்தது.

தெருவில் முழங்கால் ஆழம். மேலக்கரைப் பக்க ஊர் எல்லையில் இடுப்பளவு. ஓடைப்பள்ளத்தில் ஆளே முங்கியது. குடங்களைக் கவிழ்த்துப் போட்டு, அவற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நீந்திக் கரையேறினார்கள். உள்ளே புகுந்த கொஞ்சநஞ்சத்தையும் கரையில் நின்று கவனமாகக் கொட்டிவிட்டு நடந்தார்கள்.

உச்சி வெயிலில் மேலக்கரைக் கிணற்றடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். காளிங்கன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை சொட்டச் சொட்ட நின்ற மச்சானை மேலும் கீழும் பார்த்தான்.

“வாங்க மச்சான். என்ன குடத்தோட?”

“ஊர்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல மாப்ள.”

“அட. அப்ப விடியுமுன்னயே வந்திருக்கலாம்ல. கிணத்துல கூட்டமும் இருந்திருக்காது. ஏன் இம்புட்டு நேரம்?”

பூவலிங்கம் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, வேட்டியைப் பிழிந்தான்.

“எங்க வர விட்டுச்சு மாப்ள. வழி பூரா ஒரே தண்ணி.”