முப்பதடி ஃப்ளெக்ஸ்

"அந்தப் பையன்கிட்ட நான் இன்னான்னு சொல்றது மாஸ்டர்?"

கஜபதி தலை நிமிராமல்தான் கேட்டார்.

கஜபதிக்கு நாற்பத்தெட்டு வயது. வட சென்னையில் ஒரு காலேஜை விட்டு வெளியே வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. பட்டம் வாங்கினாரோ இல்லையோ, காலேஜ் ஃபுட்பால் டீமின் ரசிகர் மன்றத் தலைவர் பதவியை வாங்கிவிட்டார். ஒரு மேட்ச் விடமாட்டார்.

மாஸ்டர் என்றால் கோச் செல்வமேரி. முப்பத்திரண்டு வயதுதான். ஆனாலும் அந்த கிரவுண்டுக்கு வருகிற அத்தனை பேருக்கும் மாஸ்டர்.

செல்வமேரி பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"எந்தப் பையன்கிட்ட?"

"தெரியாத மாரி கேக்காதீங்க மாஸ்டர். நம்ம கோல்கீப்பர். எபினேசர்."

"ஓ, கோட்டைச் சுவரா?"

கஜபதிக்குச் சுருக்கென்றது. அந்தப் பெயரை வைத்ததே அவர்தான்.

ஜூன் மாசத்திலேயே வைத்துவிட்டார். லீக் தொடங்க இன்னும் ஒரு மாசம் கிடந்தது. ஒரு பிராக்டீஸ் மேட்சில் எபினேசர் ரெண்டு பெனால்டியைப் பிடித்தான், அவ்வளவுதான். மன்றத்து ஆட்கள் டீக்கடையில் உட்கார்ந்தே லீக் கப்பைத் தூக்கிவிட்டார்கள். பதினாலு வருஷமாகக் கைக்கு வராத கப். கிழக்குக் கோலுக்குப் பின்னால் முப்பதடிக்கு ஃப்ளெக்ஸ் கட்டி, தப்படித்து, ஆயிரம் வாலா கொளுத்தி, ஒரே அமர்க்களம். டீமுக்குப் புது ஜெர்சிகூட வந்து சேரவில்லை.

போன சனிக்கிழமை முதல் மேட்ச் நடந்தது. நாலு கோல் வாங்கினார்கள். அதில் மூன்று முதல் பாதியிலேயே.

"அன்னிக்கு கேலரில நின்னுகினு இன்னா கத்துனீங்க?" செல்வமேரி கேட்டார்.

"வேணாம் மாஸ்டர்."

"சொல்லுங்கண்ணா."

"'எங்கடா பாக்குற?'ன்னு கத்துனேன்."

"அதுக்கப்புறம்?"



அதற்கப்புறம் கஜபதி எபினேசரின் அம்மாவை இழுத்து ஒரு வார்த்தை சொன்னார். அந்த அம்மா நாலு படி கீழே உட்கார்ந்திருந்தார். அது கஜபதிக்குத் தெரியாது. அந்த அம்மா திரும்பியபோதுதான் தெரிந்தது. அவர் கஜபதியைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் எபினேசர் கிளவுஸைக் கொண்டுவந்து மாஸ்டரின் டேபிள் மேல் வைத்தான். அதற்குப் பிறகு கிரவுண்டுப் பக்கமே வரவில்லை. நாளை மறுநாள் அடுத்த மேட்ச்.

"அஞ்சு நாளா சோறு எறங்கல மாஸ்டர்," என்றார் கஜபதி. "அசிங்கமா கீது. அவங்க வூட்டாண்ட ரெண்டு தபா போயிட்டேன். கதவத் தட்ட கை வரல. கால்ல வேணா வுயுந்துர்றேன். ஆனா இன்னா சொல்லி வுயுறது? நீங்களே சொல்லுங்க."

செல்வமேரி உள்ளே போய் கிளவுஸை எடுத்து வந்தார்.

"மாட்டுங்க."

"இது அவன்து மாஸ்டர்."

"மாட்டுங்கண்ணா."

மாட்டினார். உள்ளே இன்னும் வியர்வை வாசம் இருந்தது.

செல்வமேரி அவரை மேற்குக் கோலுக்குக் கூட்டிப்போனார். முதல் பாதி முழுக்க எபினேசர் நின்ற இடம். கஜபதி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தொப்பையை எக்கிக்கொண்டு நின்றார். செல்வமேரி பெனால்டி ஸ்பாட்டில் நாலு பந்தை வரிசையாக வைத்தார்.

"நேரா பாருங்க. இன்னா தெரியுது?"

கிரவுண்டு காலியாகக் கிடந்தது. அந்தக் கோடியில் ஃப்ளெக்ஸ் காற்றில் படபடத்தது.

"எபி மூஞ்சி."

வலை குலுங்கியது.

"ஒண்ணு," என்றார் செல்வமேரி.

"இன்னா மாஸ்டர், சொல்லாம கொள்ளாம அடிக்கிறீங்க!"

"அன்னிக்கு அடிச்சவனும் சொல்லல. அப்புறம் இன்னா தெரியுது?"

"சிங்கம். பக்கத்துல ஒரு சிங்கம் நிக்குது."

"ரெண்டு. அப்புறம்?"

"எய்த்து. 'எங்கள் கோட்டைச் சுவர். ஒரு கோல் கூட... ஒரு கோல்...'"

மூன்றாவது பந்து கஜபதியின் காலுக்கு நடுவில் போனது. அவர் குனியக்கூட இல்லை.

"மூணு. கொஞ்சம் கீய பாருங்க."

ஃப்ளெக்ஸின் கீழே மன்றத்து ஆட்கள் இருபது பேரும் ஸ்டாம்பு சைஸில் இருந்தார்கள். தலைவர் மட்டும் தனி. எபினேசரின் தோள் உயரத்துக்கு, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, ஆள்காட்டி விரலை நேராக நீட்டிக்கொண்டு நின்றார். கெத்தாக இருக்கும் என்று அந்த போட்டோவை கஜபதியே தேடி எடுத்துக் கொடுத்திருந்தார்.

விரல் இந்தக் கோலைத்தான் காட்டியது.

நாலாவது பந்து அவர் நெஞ்சில் அடித்து, உருண்டு கோட்டைத் தாண்டியது. வலியில் உயிர் போனது. கஜபதி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"எங்கண்ணா பாக்குறீங்க?" செல்வமேரி கத்தினார்.

கஜபதி கிளவுஸ் கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"என்னியத்தான் மாஸ்டர்."

செல்வமேரி பந்துகளைப் பொறுக்கிப் பையில் போட்டார்.

"அதையே போயி சொல்லுங்க. அவங்கம்மா முன்னாலயே."