எழாத பந்தி

காது கொடுத்துக் கேளுங்கள். கேட்ட பிறகு உங்களுக்குக் கோபம் வந்தால் நல்லது, எனக்கும் வந்தது.

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டை மணவாளராயன் என்றொரு ராஜா ஆண்டான். அவனைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். தன் குடிகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஒரு நாளும் கேட்காதவன், அவ்வளவுதான். அது போதாதா?

ஒரு வருஷம் மழை பொய்த்தது. விளைந்த கொஞ்ச நெல்லையும் வரியாக அளந்துவிட்டுக் குடிகள் சோற்றுக்கு அலைந்தார்கள். ராஜா கோட்டை வாசலில் சத்திரம் கட்டி, தினமும் அன்னதானம் என்று பறையறைவித்தான். அங்கே சமைத்தவள் பெயர் உலகாயி. கொதிக்கிற அண்டாவைத் தனியாளாக இறக்குவாள். யாருக்கும் பயந்து வாயை மூட மாட்டாள்.

குடிகள் அளந்த புது அரிசி அரண்மனைக்கும் பட்டத்து யானைக்கும் போனது. களஞ்சியத்தின் அடியில் கிடந்து மக்கிய அரிசி சத்திரத்துக்கு வந்தது. எது எங்கே போக வேண்டும் என்று தீர்மானித்தவர் களஞ்சிய மணியக்காரர் சிங்கமுத்து.

முதல் தடவை உலகாயி அவரிடம் போனாள். "ஐயா, அரிசி முழுக்கப் புழு நெளியுதுங்க."

"நல்லா களைஞ்சு போடு" என்றார்.

இரண்டாம் தடவை போனாள். "களைஞ்சும் நாத்தம் போகலைங்க."

"புளியைக் கரைச்சு ஊத்து" என்றார்.

மூன்றாம் தடவை அவள் ஓடினாள். சோற்றுக்காகச் சத்திரத்துக்குத் தண்ணீர் சுமந்த உழவன் சடையன் தின்றதையெல்லாம் கக்கிவிட்டுப் படுத்த படுக்கையாகிவிட்டான். "ஆளு சாகக் கிடக்கான் ஐயா."

மணியக்காரர் வெற்றிலையைத் துப்பினார். "சும்மா கிடைக்கிற சோத்துக்கு நாக்கு வேற கேக்குதா?"

உலகாயி வந்த வழியே திரும்பி நடந்தாள். சும்மாவா? களஞ்சியத்தில் இருக்கிற ஒவ்வொரு மணியும் சடையனும் அவன் பெண்டாட்டியும் உழுது, நட்டு, அறுத்துக் கொண்டுவந்து கொட்டியதுதானே? இனி இந்த மனுஷனிடம் பேசிப் பயனில்லை என்று முடிவு கட்டினாள்.

தைப் பௌர்ணமி வந்தது. வருஷாவருஷம் அன்று ராஜா குடிகளோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம்; இந்தத் தடவை பந்தி சத்திரத்தில். ஒரே பந்திதான், ஒரே சோறு இல்லை. ராஜாவுக்கென்று புது அரிசி தனிப் பானையில் வேகும். அந்த வருஷம் உலகாயி அந்தப் பானையை அடுப்பில் ஏற்றவேயில்லை. தலை போனாலும் போகும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் எல்லா இலைக்கும் ஒரே அண்டாவிலிருந்து பரிமாறினாள்.

ராஜா ஒரு கவளத்தை வாயில் வைத்தான். வைத்த வேகத்தில் துப்பினான்.

"விஷம் வெச்சுட்டா, புடிங்க அவளை" என்று மணியக்காரர் அலறினார். காவலர்கள் ஓடிவந்து அவள் இரண்டு கைகளையும் முறுக்கினார்கள்.

உலகாயி ராஜாவை நேராகப் பார்த்தாள். "விஷமா இல்லையான்னு மகாராஜாவே சொல்லட்டும். இல்லைன்னா, இலையில இருக்கிறதைச் சாப்பிடுங்க. ஆமான்னா, மூணு மாசமா உங்க பேரைச் சொல்லி இதைத்தான் இந்த ஜனங்களுக்குப் போடுறோம். அப்ப விஷம் வெச்சது யாருன்னு தீர்ப்புச் சொல்லுங்க."

ராஜா மணியக்காரரைப் பார்த்தான். மணியக்காரர் தரையைப் பார்த்தார். பேசாமல் எழுந்து போய்விடலாம் என்று ராஜா கையை ஊன்றினான்.

அங்கேதான் மாட்டிக்கொண்டான். அந்த நாட்டில் பந்தியின் கடைசி ஆள் எழும்வரை முதல் ஆள் எழக் கூடாது. சாப்பிட உட்கார்ந்தவர் மேல் யாரும் கை வைக்கவும் கூடாது. அவன் முப்பாட்டன்கூட மீறாத முறை அது. பந்தியின் கோடியில், உயிர் பிழைத்து வந்திருந்த சடையன், சம்மணத்தை இறுக்கிப் போட்டுக்கொண்டான்.

"நான் எந்திரிக்கலை" என்றான்.

"நானும்" என்றாள் அவன் பெண்டாட்டி. முந்நூறு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் இலையைத் தொடவில்லை.

வெயில் சாய்ந்தது. ராஜாவுக்குக் கால் மரத்தது. அப்புறம் பசித்தது. அப்படியொரு பசியை அவன் பிறந்ததிலிருந்து அறிந்ததில்லை. சோற்றை ஒரு தடவை எடுத்தான், வைத்தான். மறுபடி எடுத்தான், வைத்தான். மூன்றாம் தடவை மூக்கருகில் கொண்டுபோனதுமே குமட்டியது. பக்கத்தில் இருந்தவர்களின் ஒட்டிய முகங்களை அப்போதுதான் ஏறிட்டுப் பார்த்தான். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"அவளை விடுங்கள்" என்றான். "உலகாயி, நாளை முதல் புது அரிசி தரச் சொல்கிறேன். போதுமா?"

"போதாதுங்க. அது நீங்க தர்றதில்லை, இவங்க விளைய வெச்சது. களஞ்சியச் சாவியைப் பந்தியில கொடுங்க. எந்த அரிசி எந்த அடுப்புக்குன்னு சாப்பிடுறவங்களே பார்த்துக்குவாங்க."

ராஜாவின் முகம் சிவந்தது. வரிசையின் கடைசிவரை பார்த்தான். அசைவதாக ஒருவரும் இல்லை. மணியக்காரரிடம் கை நீட்டினான்.

சாவிக்கொத்து ராஜாவின் கையிலிருந்து பக்கத்து ஆளுக்கு, அவரிடமிருந்து அடுத்தவருக்கு என்று கை மாறிக் கடைக்கோடிக்குப் போனது. சடையன் அதை இடுப்பில் செருகிக்கொண்டு முதலில் எழுந்தான். பந்தி முழுவதும் எழுந்த பிறகுதான் ராஜா எழுந்தான்.

தெரிந்துகொள்ளுங்கள்: தன் வாயில் வைக்க மாட்டாததை அடுத்தவர் இலையில் போடுகிறவன் தானம் செய்யவில்லை, அவர்கள் விளைவித்த சோற்றைப் பறிக்கிறான்.