ஓடைக்கு இந்தப் பக்கம்

"இந்த வண்டிக்கு முதல்ல எதை மாட்டணும்?"

அமலோற்பவம் கேட்டது செம்பாயியிடம். குருத்துமலை அடிவாரத்துத் தகரக் கொட்டகையில், ஒரு பழைய ஜீப்பின் பானட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றிருந்தாள் செம்பாயி. ஸ்பேனர் சத்தம்தான் வந்தது.

அமலோற்பவத்துக்கு அறுபது வயது. இருபத்திரண்டு வருஷம் அந்த மலையின் ஏழு ஊர்களுக்கும் நர்ஸாக நடந்தவர். போன மாதக் கடைசியில் மாலை போட்டு, குத்துவிளக்கு கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

மறு வாரமே அவர் நாலு சக்கரத்துக்கும் விசை போகிற புது ஜீப் ஒன்றை வாங்கிவிட்டார். வண்டியோட்டும் லைசென்ஸை அதற்கு முன்பே எடுத்துவைத்திருந்தார்.

மகன் ஓசூரிலிருந்து போனில் கத்தினான். இந்த வயதில் உனக்கு மலையேற்றம் கேட்குதா என்றான். வழியனுப்பு விழாவிலேயே பெரிய டாக்டர் சொல்லியிருந்தார்: மழை பெய்தால் யாரும் மேலே போக வேண்டியதில்லை, விதியே அப்படித்தான் இருக்கிறது என்று.

இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பாதையில் இரண்டு பெண்கள் செத்துப்போனார்கள். இரண்டு பேரும் பிரசவத்துக்கு இறங்கியவர்கள். இரண்டும் மழை நாள். மூங்கிலில் போர்வையைத் தொட்டிலாகக் கட்டித் தூக்கி வந்தார்கள். இரண்டு தடவையும் விதி சரியாகத்தான் இருந்தது.

அதனால்தான் ஜீப்.

செம்பாயிக்கு முப்பத்தொன்று. அந்தப் பாதையில் பதினோரு வருஷமாக ஓட்டுகிறாள். அவளிடம் தொழில் படிக்காத டிரைவர் அங்கே இல்லை என்பார்கள். அவள் வாயைத் திறந்து சொல்லிக்கொடுத்ததைக் கேட்ட டிரைவரும் இல்லை என்பார்கள்.

கடைசியில் அவள் நிமிர்ந்தாள். அமலோற்பவம் ஒரு காகிதத்தை நீட்டினார். டவுனில் வண்டி அலங்காரக் கடைக்காரர் அடித்துக் கொடுத்தது. பதினாலு சாமான் இருந்தது அதில்.

செம்பாயி அதை மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தாள். பிறகு கையிலிருந்த கிரீஸை அதில் துடைத்தாள்.

"சாவியக் குடுங்க."

கொடுத்தார்.

"கொம்பைக்காடு வரைக்கும் நடந்து போயிட்டு வாங்க, நர்ஸம்மா."

அமலோற்பவத்துக்குச் சுருக்கென்றது. "இருபத்திரண்டு வருஷம் நடந்திருக்கேன் செம்பாயி. உனக்குத் தெரியாதா?"

"அது உங்க காலுக்கு நடந்தது. இன்னிக்கி டயருக்கு நடங்க."

அந்த ஏழு ஊர்களில் ஒன்றான கொம்பைக்காடு எட்டு கிலோமீட்டர் மேலே. முதல் இரண்டு கிலோமீட்டரைக் கோபத்திலேயே நடந்தார். நேற்றுப் பிறந்தவள் எனக்கு நடை சொல்லித் தருகிறாளா என்று வாய்க்குள் முனகிக்கொண்டே போனார்.

மூன்றாவதில் ஒரு பாறை குறுக்கே கிடந்தது. எப்போதும்போல் கால் அதுவாக ஒதுங்கியது. ஒதுங்கிய பிறகுதான் நின்றார். கால் ஒதுங்கும். சக்கரம் ஒதுங்காது. பாறையின் விளிம்பு வண்டியின் வயிற்றுக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு கோபத்துக்கு நேரமில்லாமல் போய்விட்டது. குனிந்து பார்த்தார். உட்கார்ந்து பார்த்தார். குடையைப் படுக்கப்போட்டுப் பாதையின் அகலத்தை அளந்தார். ஆயிரம் தடவை போன வழி, யாரோ புதிதாக வெட்டிவைத்ததுபோல் இருந்தது.

நாலு மணிக்குத் திரும்பி வந்து, கேட்காமலேயே சொல்லத் தொடங்கினார். கூரைமேல் விளக்கு வரிசை வேண்டாம். பலாமரக் கிளை முதல் நாளே பிடுங்கிக்கொள்ளும். பெரிய பம்பர் வேண்டாம். மூன்றாவது வளைவில் திரும்பாது. வண்டியை உயர்த்தவும் வேண்டாம். பள்ளத்தோரம் பாதையே ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, உயர்த்தினால் உருண்டுவிடும். வயிற்றுக்கு மட்டும் ஒரு தடித்த இரும்புத் தகடு வேண்டும். முன்னாலும் பின்னாலும் கட்டி இழுக்க நல்ல கொக்கி வேண்டும்.

"ஓடையைத் தாண்ட உசரக் குழாய்?" என்றாள் செம்பாயி. பாதையில் குறுக்கிடும் ஓடையில் எஞ்சின் தண்ணீருக்கு மேலே மூச்சுவிடக் கடைக்காரர் எழுதியிருந்த சாமான் அது.

"தண்ணி முழங்காலுக்குக் கீழ இருந்தா குழாய் வேண்டாம்."

"மேல இருந்தா?"

அமலோற்பவம் யோசித்தார். பதில் தெரியவில்லை. செம்பாயியும் சொல்லவில்லை.

தகடும் கொக்கியும் மாட்டினார்கள். டயரை மட்டும் செம்பாயியே மாற்றச் சொன்னாள்; பட்டை ஆழமான, சேற்றைக் கடித்துப் பிடிக்கிற டயர்.

அடுத்த வாரம் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் ஓட்டிப் பார்க்கப் போனார்கள். செம்மண் ஏற்றத்தில் வண்டி சிக்கிக்கொண்டது. அமலோற்பவம் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். சக்கரம் சுற்றியது, சேறு பறந்தது, வண்டி இறங்கியது. இன்னும் மிதித்தார். இன்னும் இறங்கியது.

செம்பாயி ஒரு கல்லில் உட்கார்ந்து பொரிகடலை தின்றுகொண்டிருந்தாள்.

வின்ச் வாங்கியிருந்தால் இந்நேரம் மரத்தில் கம்பியைக் கட்டி இழுத்திருக்கலாம் என்றார் அமலோற்பவம். செம்பாயி சுற்றும் பார்த்தாள். அந்த ஏற்றத்தில் மரமே கிடையாது. அமலோற்பவமும் அப்போதுதான் அதைக் கவனித்தார்.

பொரிகடலை தீர்ந்ததும் எழுந்து வந்தாள். வேலியிலிருந்து ஒரு முள்ளை ஒடித்தாள். முன் டயரின் காற்றடைக்கும் வாயில் வைத்து அழுத்தினாள். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது.

"என்ன பண்றே நீ?" என்று பதறிப்போய்க் கதவைத் திறந்தார் அமலோற்பவம்.

அவள் பாட்டுக்கு நாலு டயருக்கும் அதையே செய்தாள். டயர்கள் சப்பையாக, அகலமாக, சேற்றின்மேல் உட்கார்ந்தன. பிறகு கையைக் காட்டினாள்: மெல்ல.

மெல்ல மிதித்தார். வண்டி ஒரு முக்கு முக்கி, தவழுகிற குழந்தைபோல் ஏறிவிட்டது.

அன்றைக்கே டவுனுக்குப் போய், பேட்டரியில் ஓடுகிற ஒரு சின்னக் காற்றுப் பம்பை வாங்கி வந்தார். இறக்கிய காற்றைத் திரும்ப ஏற்ற வேண்டுமே.

அதுவரைக்கும் அமலோற்பவம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தகராறு வந்தது சீட்டில்தான்.

முன்னாலிருக்கும் இடது சீட்டையும் பின் சீட்டையும் கழற்றிவிட்டு, நீளமாக ஒரு பலகையைப் போட்டு மெத்தை விரிக்க வேண்டும் என்றார். தச்சரிடம் சொல்லிப் பலகையும் செய்துவிட்டார். செம்பாயி முடியாது என்றாள். வழக்கத்துக்கு மாறாகக் காரணமும் சொன்னாள். சீட்டை எடுத்தால் பின்பக்கம் கனம் குறையும். ஏற்றத்தில் பின்சக்கரம் துள்ளும். துள்ளினால் பிடி விடும். பாதையைப் பற்றிப் பதினோரு வருஷத்தில் அவள் இவ்வளவு பேசியதில்லை.

ஒரு வாரம் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பலகை கொட்டகைச் சுவரில் சாய்ந்தே கிடந்தது.

எட்டாம் நாள் காலை பத்து மணிக்குப் போன் வந்தது. கொம்பைக்காட்டுப் பொன்னான். சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறி நின்று பேசினான். மனைவி குஞ்சாயிக்கு விடியலிலிருந்து வலி. ஆம்புலன்ஸ் அடிவாரம் வரைக்கும்தான் வரும் என்கிறார்கள். மலைமேல் கருக்கிக்கொண்டு வருகிறது.

அமலோற்பவம் போனை வைத்தார். செம்பாயியின் பெட்டியைத் திறந்து அவரே ஒரு ஸ்பேனரை எடுத்தார். வண்டிக்குள் ஏறி முதல் போல்ட்டில் வைத்தார்.

"ஏறும்போது துள்ளும்னு சொன்னேன்," என்றாள் செம்பாயி.

"துள்ளட்டும். இறங்கும்போது ஆள் இருக்கும்."

செம்பாயி இன்னொரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபக்கம் ஏறினாள்.

சீட்டுகள் வெளியே போயின. பலகை உள்ளே போனது. அமலோற்பவம் பிரசவப் பையை வைத்துவிட்டு ஓட்டும் இடத்தில் உட்கார்ந்தபோது, செம்பாயி பின்கதவைத் திறந்து ஏறி, பின்சக்கரத்துக்கு நேர்மேலே தரையில் சம்மணம் போட்டுக்கொண்டாள். மடியில் ஒரு மணல்மூட்டை.

"நீ எதுக்கு அங்க?"

"கனத்துக்கு."

ஏறும்போது ஓடையில் தண்ணீர் கணுக்காலளவுதான் இருந்தது. செம்மண் ஏற்றம் வழிவிட்டது. பன்னிரண்டுக்கெல்லாம் கொம்பைக்காடு. குஞ்சாயியைப் பலகையில் படுக்கவைத்தார்கள். பொன்னான் அவள் கால்மாட்டில் ஒடுங்கிக்கொண்டான். செம்பாயி மணல்மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு வண்டிக்கு முன்னால் நடந்தாள். ஒவ்வொரு கல்லிலும் சக்கரத்தை எங்கே வைப்பது என்று கையால் காட்டிக்கொண்டே போனாள்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது.

ஓடைக்கு வந்தபோது அது வேறு ஓடையாக இருந்தது. செக்கச்செவேலென்று, இரைந்துகொண்டு, கிளைகளை உருட்டிக்கொண்டு போனது.

செம்பாயி ஒரு கம்பை ஊன்றித் தண்ணீருக்குள் இறங்கினாள். நடுவரை போகவில்லை. திரும்பி வந்து ஜன்னலருகே நின்றாள். ஈரக் கையைத் தன் தொடைமேல் வைத்துக் காட்டினாள்.

அமலோற்பவம் தண்ணீரைப் பார்த்தார். எஞ்சின் காலடியில் உறுமிக்கொண்டிருந்தது. ஒரே மிதி. அக்கரை முப்பது அடிகூட இல்லை. இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தண்ணீர்மேல் அவருக்கு இருந்த ஆத்திரம் முழுக்க வலது காலுக்கு வந்து நின்றது.

"போலாம்மா," என்றான் பொன்னான். "போயிருங்க. இதுக்குத்தானே இந்த வண்டிய வாங்குனீங்க?"

குஞ்சாயி பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். அமலோற்பவம் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அந்த முனகலை அவர் நூறு தடவை கேட்டிருக்கிறார். இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

"ஆமா," என்றார். "இதுக்குத்தான்."

எஞ்சினை அணைத்தார்.

பொன்னான் கத்தினான். கும்பிட்டான். பிறகு வைதான். அவர் எதற்கும் மசியவில்லை. வண்டி இந்த இடத்தை விட்டு ஓர் அங்குலம் நகராது, வேண்டுமானால் நீ இறங்கி நீந்திப் போ என்றார். சொல்லிக்கொண்டே புடவையை இழுத்துச் செருகி, கையைக் கழுவி, உறையை மாட்டினார். செம்பாயியைப் பின்னால் ஏறித் தலைமாட்டில் உட்காரச் சொன்னார். குஞ்சாயியின் தோளை எப்படித் தாங்க வேண்டும் என்று ஒரே தடவை காட்டினார். இந்த முறை செம்பாயி பார்த்தபடியே செய்தாள்.

வெளியே கூரைத் தகரத்தில் மழை பறையடித்தது. உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. மெத்தை காய்ந்திருந்தது. பலகை ஆடவில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் குழந்தை வந்தது. பெண். வந்ததும் அழவில்லை. அமலோற்பவம் அதைத் துணியில் ஏந்தி, முதுகைத் தேய்த்தார். உள்ளங்காலைச் சுண்டினார். மறுபடி முதுகைத் தேய்த்தார். செம்பாயியின் விரல்கள் குஞ்சாயியின் தோளை நசுக்கிக்கொண்டிருந்தன.

பிறகு அது அழுதது. ஓடையின் இரைச்சலுக்கு மேலே கேட்டது.

குஞ்சாயிக்கு ரத்தம் கொஞ்சம் கூடுதலாகப் போயிற்று. ஊசி போட்டார். வயிற்றைப் பிசைந்தபடியே இருந்தார். நின்றது.

ஐந்து மணிக்கு மழை விட்டது. அதற்குப் பிறகும் அரை மணி காத்திருந்தார்கள். செம்பாயி மறுபடி தண்ணீரில் இறங்கி அக்கரை வரை நடந்தாள். அங்கே திரும்பி நின்று, கையை முழங்காலுக்குக் கீழே வைத்துக் காட்டினாள்.

வண்டி ஓடையில் இறங்கி ஏறியது. அடிவாரத்தில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. பொன்னான் இறங்கும்போது குழந்தையை அமலோற்பவம் பார்க்கும்படி ஒரு தடவை தூக்கிக் காட்டிவிட்டு ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டான்.

மறுநாள் பெரிய டாக்டர் போன் செய்தார். தாயும் பிள்ளையும் நலம் என்றார். அதோடு நிறுத்தாமல், மழையில் மேலே போக யார் அனுமதி கொடுத்தது என்றும் கேட்டார்.

"நான் ரிட்டயர் ஆயிட்டேன் சார்," என்று சொல்லிவிட்டு அமலோற்பவம் போனை வைத்தார். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் வண்டியைக் கழுவலாம் என்று கொட்டகைக்குப் போனார். செம்பாயியின் பழைய ஜீப் வாசலில் நின்றது. பதினோரு வருஷமாக ஆளேற்றிப் பிழைக்கிற ஜீப். அதன் சீட்டுகள் எல்லாம் கழற்றப்பட்டு மண்ணில் கிடந்தன.

செம்பாயி கையில் ஒரு நூல்கண்டோடு உள்ளே குந்தியிருந்தாள்.

"பலகை எத்தனை அடி?" என்றாள்.

"அடிக்கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. ஒருத்தி காலை மடக்காமப் படுக்கணும்."

செம்பாயி நூலை அவர் கையில் கொடுத்தாள். வெறும் தகரத்தில் மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் நன்றாக நீட்டினாள்.

"அளங்க," என்றாள்.