தலையை மட்டும் பார்த்த கீரி

பலாமரக் காட்டில் கூர்மூக்கன் என்ற கீரி வைத்தியம் பார்த்து வந்தது. பழுக்கும் காலம் வந்தால் அந்தக் காட்டில் தலை தப்புவது பெரும்பாடு. பலாப்பழம் மண்டையில் விழும், கீரி படுக்க வைத்து வைத்தியம் பார்த்தால் காயமும் ஆறும். ஆனால் நாலைந்து நாளில் காய்ச்சல் கண்டு உயிர் போய்விடும். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

கண்டுபிடித்தே தீருவது என்று கீரி எலிகளைக் கூப்பிட்டது. "உங்க தலையைக் கொஞ்சம் கொடுங்க. இனிமே உங்க இனத்தையே நான் தொடமாட்டேன்!"

எலிகளுக்கு வேறு வழி? பத்துப் பேர் வந்தார்கள். கீரி ஒவ்வொரு தலையிலும் ஒரு விளாங்காயைப் போட்டது. பச்சிலை வைத்துக் கட்டியது. மல்லாக்கப் படுக்க வைத்து வாயில் தண்ணீர் ஊற்றியது. தினமும் கட்டைப் பிரித்துக் காயத்தை முகர்ந்து பார்த்தது.

மூன்றாம் நாள் சுண்டு என்ற எலி முனகியது. "அண்ணே, தலை தேவலை. படுத்த வாக்குல தண்ணி ஊத்துறீங்க, புரையேறுது. நெஞ்சு கரகரங்குது!"

"நான் பாக்குறது தலைக்காயம்! நெஞ்சைப் பத்தி உன்னை யாரு கேட்டா?"

மூன்று எலிகள் செத்தன. சோனிகள் என்று கீரி அவற்றை ஒதுக்கிவிட்டது. "பத்துத் தலையும் ஆறிடுச்சு!" என்று காடெல்லாம் தம்பட்டம் அடித்தது. தலைகள் ஆறித்தான் இருந்தன, பாவம்.

மறுவாரம் ஒரு மந்தி தன் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. மரத்திலிருந்து பாறையில் விழுந்து குட்டிக்கு மண்டை உடைந்திருந்தது. அதே கட்டு, அதே தண்ணீர். மூன்றாம் நாள் காயம் காய்ந்துவிட்டது, குட்டியின் உடம்போ கொதித்தது. அதன் நெஞ்சில் காதை வைத்த கீரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரகரவென்று சத்தம்!

"பத்தும் பொழைச்சுதுன்னீங்களே, வைத்தியரே!" என்று அழுதது மந்தி.

கீரியால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "தலை ஆறிச்சுன்னுதான் சொன்னேன், தாயி. மூணு பேர் செத்துட்டாங்க. ஏன்னு ஒருத்தன் சொல்ல வந்தான். நான்தான் அவன் வாயை அடைச்சேன்."

கீரி எலி வளை வாசலில் போய் நின்றது. "சுண்டு, நீ மட்டும் எப்படிப்பா தேறினே?"

"நீங்க அந்தப் பக்கம் போனதும் கல்லுல சாய்ஞ்சு உக்காந்துக்குவேன். இருமித் துப்புவேன். தண்ணியை நக்கித்தான் குடிப்பேன்."

சுண்டுவே கூட வந்தது. குட்டியைச் சாய்த்து உட்கார வைத்தார்கள். மந்தி முதுகைத் தட்டித் தட்டிச் சளியைத் துப்ப வைத்தது. கீரி நெஞ்சுச் சளிக்கு மூலிகை அரைத்தது. இரண்டு நாள் இழுத்தடித்துக் காய்ச்சல் விட்டது. கண் விழித்த குட்டி பலாச்சுளை கேட்டது!

காடே கீரியைப் புகழ்ந்தது. அதுவோ நிமிரவே இல்லை. "சுண்டு, செத்தவங்க மூணு பேரோட பேரு என்ன?"

"சிமிட்டி, கொறிப்பான், பொட்டு," என்றது சுண்டு. "பொட்டு என் தம்பி. நெஞ்சு கரகரங்குதுன்னு அவனும்தான் சொன்னான், அண்ணே."

அடுத்தவர் உடம்பை வைத்துப் பாடம் படிக்கிறவர், அந்த உடம்புக்கு உரியவர் சொல்வதை முதலில் காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.