கூடத்தில் ஒரு நீலக் கோடு

சிங்காரவேலர் முப்பது வருஷம் கட்டட ஓவர்சியராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் சுவரோவியர் அமுதவல்லியிடம் சீடராகச் சேர்ந்தார். குரு அவரைவிட இருபது வயது இளையவர். சுவரில் கோடும் வட்டமும் தவிர வேறெதுவும் தீட்டாதவர்.

இரண்டு வருஷம் வண்ணம் குழைத்த பிறகு சிங்காரவேலருக்கு முதல் சுவர் கிடைத்தது. மலையடிவாரத்துச் சத்திரத்தின் பழைய கூடம். வெள்ளைச் சுவரில் முனைக்கு முனை ஒரே ஒரு நீலக் கோடு. அவ்வளவுதான் வேலை.

“சரியாக வந்தால் அடுத்த சுவரும் உங்களுக்கே. வராவிட்டால் மறுபடி வண்ணம் குழைக்கலாம்” என்றார் குரு.

சிங்காரவேலர் குமிழி நடுவில் நிற்கும்வரை ரசமட்டம் வைத்து, நூல் பிடித்து, மூச்சையும் பிடித்துக்கொண்டு தீட்டினார்.

மறுநாள் ஒரு வளையல்காரர் உள்ளே வந்தார். கோட்டைப் பார்த்துக் கழுத்தைச் சாய்த்தார்.

“என்ன ஐயா, படகில் நிற்கிற மாதிரி இருக்கிறதே!”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

குரு வந்ததும் சிங்காரவேலர் ரசமட்டத்தை நீட்டினார்.

“பாருங்கள் அம்மா, குமிழி நட்டநடுவில் நிற்கிறது. பிறகு ஏன் கோணலாகத் தெரிகிறது?”

குரு ஓர் எலுமிச்சம்பழத்தைச் சுவரோரம் தரையில் வைத்தார். அது தானாக உருண்டு வாசல் பக்கம் போய் நின்றது.

சிங்காரவேலர் அண்ணாந்து பார்த்தார். உத்தரமும் அதே பக்கம் இறங்கியிருந்தது.

“கட்டடமே ஒரு பக்கம் அமுங்கியிருக்கிறது! அதற்காகக் கோணல் கோடா போடுவது? என் குமிழி பொய் சொல்லாது.”

“நல்ல குமிழிதான். அது இங்கே தங்க வந்திருக்கிறதா, ஓவர்சியர் ஐயா?”

சிங்காரவேலர் கோட்டின் மேல் வெள்ளை பூசினார். ரசமட்டத்தைப் பைக்குள் போட்டார். தரையையும் உத்தரத்தையும் மாறி மாறிப் பார்த்து, வாசல் பக்கம் நாலு விரற்கடை இறக்கிப் புதுக் கோடு தீட்டினார்.

இரண்டு நாள் கழித்து வளையல்காரர் அதே வழியாகத் திரும்பி வந்தார். பெட்டியை இறக்கினார். சுவரில் சாய்ந்து தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்தார். சாப்பிட்டு முடித்துக் காலை நீட்டித் தூங்கிப் போனார்.

சிங்காரவேலர் முகம் தொங்க, பக்கத்தில் நின்ற குருவிடம் திரும்பினார்.

“கோட்டை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லையே அம்மா! எனக்கு இனி வண்ணம் குழைக்கிற வேலைதானா?”

“மெல்லப் பேசுங்கள், எழுப்பிவிடாதீர்கள்” என்றார் குரு. “அன்றைக்கு இவர் எங்கே போய் உட்கார்ந்தார்?”

சிங்காரவேலர் வாசலுக்கு வெளியே இருந்த புளியமரத்தைப் பார்த்தார்; பிறகு சுவரோரம் தூங்குகிறவரைப் பார்த்தார்.